பதினேழு என்று எழுதியவள்

எண் அட்டையைக் குத்தியிருந்த ஊக்கு சட்டைக்குள்ளே தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. குத்தவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. மூச்சை முழுசாக இழுத்தால் குத்தும் என்று லோகேஸ்வரிக்குத் தெரியும், அதனால் ஒரு மணி நேரமாக அரை மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊக்கைக் கழற்றித் தள்ளிக் குத்திக்கொண்டால் ஆயிற்று. ஆனால் கழற்றும் நேரம் பார்த்து யாராவது வந்து உன் எண் எங்கே என்று கேட்டால், எண்ணைக் கேட்டவர்கள் பெயரைக் கேட்டால், பெயரைக் கேட்டவர்கள் ஆதார் அட்டையைக் கேட்டால். நூற்று நாற்பத்தேழு. அந்த எண்ணுக்கு நேரே அவர்களுடைய தாளில் லோகேஸ்வரி, பிறந்த வருடம் இரண்டாயிரத்து எட்டு, வயது பதினேழு என்று இருக்கும். ஆதாரில் இரண்டாயிரத்து மூன்று என்று இருக்கிறது. விண்ணப்பத்தில் அந்த எட்டைப் போடும்போது விரல் தயங்கவே இல்லை, அதுதான் இப்போது பயமாக இருந்தது. பத்தொன்பது வயதுக்கு மேல் வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சியோலில் பாட்டுக் குழுக்களை உருவாக்கும் கம்பெனி ஒன்று சென்னைக்கு வருகிறது, ஆடத் தெரிந்தவர்களும் பாடத் தெரிந்தவர்களும் நேரில் வரலாம், தேறுகிறவர்களை அங்கே கூட்டிப்போய் விடுதியில் தங்கவைத்து வருடக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். கிண்டி ஹோட்டலின் இந்த இரண்டாம் மாடி வராண்டாவில் சுவரை ஒட்டி வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் பதினான்கு, பதினைந்து, மிஞ்சினால் பதினாறு. பல்லில் கம்பி போட்ட பிள்ளைகள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாகப் பெற்றவர்கள். லோகேஸ்வரி தனியாக வந்திருந்தாள். பதினேழு வயதுப் பெண் தனியாக வருவாளா, அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களோ, கீழே டிபன் கடையில் யாரையாவது அம்மா மாதிரி வந்து உட்காரச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்து, நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

அம்மாவைப் பொறுத்தவரை இன்று அவள் வேலைக்குத்தான் போயிருக்கிறாள். வேலை பார்க்கும் கம்பெனியைப் பொறுத்தவரை அவள் வயிற்றுப்போக்கில் வீட்டில் படுத்திருக்கிறாள். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் செய்யும் கொரியக் கம்பெனி அது, மூன்று வருடமாக அங்கே மொழிபெயர்ப்பாளர் வேலை. அந்த பாஷையை அவள் வேலைக்காகக் கற்கவில்லை, பாட்டுக்காகத்தான் கற்றாள். பத்தாம் வகுப்பு லீவில் செல்போனில் முதன்முதலாக அந்தப் பாட்டுகளைக் கேட்டு, வரிக்கு வரி தமிழில் எழுதிவைத்து, பிறகு எழுத்து, பிறகு இலக்கணம், இரண்டே வருடத்தில் அவர்கள் சண்டை போடுவதுகூடப் புரிய ஆரம்பித்தது. கற்றது ஒன்றுக்கு, உதவியது இன்னொன்றுக்கு. சூப்பர்வைசர் கத்துவான், இவன் மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தானா என்று. அவள் அதைத் தமிழில், அண்ணே, சார் கொஞ்சம் கவனமாப் பார்க்கச் சொல்றார் என்பாள். போன மார்கழியில் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னதும் அவள் வாய்தான். ஏழுமலை அண்ணன் சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு, நீ இப்படிச் சொல்லலாமாம்மா என்றார். நான் சொல்லவில்லையே என்று அதை எந்த பாஷையில் சொல்வது. அம்மா ஒரு தடவைதான் கேட்டாள், அவள் மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே பாடிக்கொண்டே ஆடுவதைப் பார்த்துவிட்டு: “கொரியாக்காரனுக்கு வேலை பாக்குற, அது பத்தாதா? அவன் பாட்டுக்கு ஆட்டமும் ஆடணுமா?” பாடி ஆடும்போது மட்டும் சூப்பர்வைசருடைய வார்த்தை தன் வாயில் இல்லாமல் இருப்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது. பத்தொன்பது தடவை வீடியோ எடுத்து வெவ்வேறு கம்பெனிகளுக்கு அனுப்பினாள். பத்தொன்பது தடவையும், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தேர்வானால் மட்டும் தொடர்புகொள்வோம் என்று இயந்திரம் அனுப்பும் மெயில் வந்தது. அங்கே பன்னிரண்டு வயதில் சேர்த்துக்கொள்கிறார்கள், மாதா மாதம் பரீட்சை, வாரா வாரம் எடை பார்ப்பது, ஐந்து வருடம் ஆறு வருடம் பயிற்சி முடிந்தும் மேடை ஏறாமலே வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள்தான் அதிகம் என்று எல்லாம் படித்திருந்தாள். வீட்டுக்கு அனுப்பப்படும் அந்தப் பெண்களைப் பார்த்துக்கூட அவளுக்குப் பொறாமைதான். இருபத்திரண்டு. இந்த வருடம் பதினேழு என்று முகம் ஒத்துக்கொள்கிறது. அடுத்த வருடம் ஒத்துக்கொள்ளாது.

“அக்கா, நீங்க பாட்டா, டான்ஸா?” பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். ஜெர்லின், நூற்று நாற்பத்தெட்டு, பாளையங்கோட்டை, பதினைந்து வயது. காலையில் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் அவளே சொல்லியிருந்தாள், பதிலுக்கு லோகேஸ்வரி தனக்குக் கொரியன் தெரியும் என்பதை மட்டும் சொல்லியிருந்தாள். மறுபக்கம் அவளுடைய அப்பா மடியில் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், தாலுகா ஆபீசில் கிளார்க்காம், சர்ச்சுக்குப் போகிற மாதிரி சட்டையை இன் பண்ணியிருந்தார். பாட்டு என்றாள் லோகேஸ்வரி. “எனக்குப் பாட வராதுக்கா. டான்ஸ் மட்டும்தான். அப்பாதான் பாட்டை பென்டிரைவ்லயும் போட்டு, போன்லயும் போட்டுக் கொண்டுவந்திருக்கா. ஒண்ணு வேலை செய்யலன்னா இன்னொண்ணுன்னு.” அப்பா அதைக் கேட்டுப் பெருமையாகப் பையைத் தட்டிக்காட்டினார். இரண்டு நாளாக லோகேஸ்வரி வெள்ளரிக்காயும் மோரும் தவிர எதையும் தொடவில்லை, தாடை எலும்பு தெரிய வேண்டும் என்று. பையிலிருந்து எலுமிச்சைச் சோறு வாசனை வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் தேர்வு அறைக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு கொரியர்கள் வெளியே வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்தார்கள். ஒருத்தி குட்டைமுடி, கறுப்பு டீ-ஷர்ட், கழுத்து அட்டையில் மின்ஜு என்று இருந்தது, காலையிலிருந்து எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இன்னொருவன் கேமராக்காரன். இங்கே யாருக்கும் தங்கள் பாஷை புரியாது என்ற நிம்மதியோடு, குரலைத் தணிக்காமலே பேசினார்கள். “இன்னும் எத்தனை பேர்?” என்று அவன் கேட்டான். “நூறு பேருக்கு மேல இருக்காங்க.” “யாராவது தேறுவாங்களா?” “தேற வேண்டாம். இந்தியாப் பொண்ணு போன மாசமே மும்பையில முடிவாயிடுச்சு. தலைமை ஆபீஸ் கேட்டிருக்கிறது வீடியோ மட்டும்தான். இந்தியாவெல்லாம் தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி காட்ட. வரிசை, அப்பா அம்மா, அழற முகம்.” “அப்போ ஆட்டத்தை விட முகத்தை அதிகமா எடுக்கறேன்.” “அழறவங்களை விட்டுடாதே.” அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான், அவள் தண்ணீர் குடித்தாள், இருவரும் உள்ளே போய்விட்டார்கள். கதவு தானாக மெல்ல மூடிக்கொண்டது.

சரியாகக் கேட்டோமா. முடிவாகிவிட்டது என்றுதானே சொன்னாள், முடிவாகப்போகிறது என்று இல்லையே. தமிழ் மாதிரியே அந்த பாஷையிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், வாக்கியம் முடிகிற வரைக்கும் எதுவும் நடக்கலாம், அதனால்தான் அவளுக்கு அது பிடித்ததே. இப்போது அந்தக் கடைசிச் சொல்லைத் திரும்பத் திரும்ப நாக்கில் வைத்துப் பார்த்தாள். முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள் என்று அதில் இல்லை. இந்தியாப் பெண் என்றுதான் சொன்னாள், ஒரே ஒரு பெண் என்று சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து இரண்டு பேரை எடுக்கக் கூடாதென்று சட்டமா. தேற வேண்டாம் என்றால் தேற வேண்டிய அவசியமில்லை என்றுதானே பொருள், தேறக் கூடாது என்று இல்லையே. ஒருவேளை மும்பைப் பெண் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அவளுக்குக் காய்ச்சல் வந்தால், விசா கிடைக்காவிட்டால். முகம் தெரியாத ஒருத்திக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று அவள் மனதுக்குள் யாரோ நிதானமாக, மிகுந்த மரியாதையோடு வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஏசிக் காற்று கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து போய்விடலாம். லிஃப்ட் இருக்கிறது, படியும் இருக்கிறது. போனால் பஸ், பஸ்ஸுக்குப் பிறகு ஒரகடம், நாளைக் காலை சூப்பர்வைசர், அவன் வாயிலிருந்து அவள் வாய்க்கு. உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிடமாவது பாடலாம். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டால், முடிவானது கலைந்துவிட்டால். அப்படி நடந்ததாக எங்கோ படித்திருக்கிறாள், அல்லது படித்ததாக நினைத்துக்கொள்கிறாள்.

“அக்கா, உங்களுக்கு கொரியன் தெரியும்னு சொன்னீங்கள்லா? என்ன பேசுனாங்க?” ஜெர்லின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் எட்டிப் பார்த்தார். சொல்லிவிடலாம். பொய் வேலை இது, எழுந்திருங்கள், சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போங்கள் என்று இந்த வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லலாம். சொன்னால் கூச்சல் வரும், யார் சொன்னது என்று கேட்பார்கள், யார் நீ, உன் வயது என்ன. அதுதான் காரணம் என்று அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. சொல்லிவிட்டால் எல்லோரும் போய்விடுவார்கள், பாட்டும் நடக்காது, அந்த ஒரு நிமிடமும் போய்விடும். இத்தனை பேரின் வாயில் மண் விழுந்தாலும் பரவாயில்லை, அந்த நிமிடம் வேண்டும். “ஏசி ஜாஸ்தியா இருக்குன்னு பேசிக்கிட்டாங்க” என்றாள். “ஆமா மேடம், குளிரத்தான் செய்யி” என்று ஜெர்லினின் அப்பா பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மகளின் தோளில் போர்த்தினார். அவர் ஏன் மேடம் என்றார். பதினேழு வயதுப் பெண்ணை யாராவது மேடம் என்பார்களா. லோகேஸ்வரி கைகளை மடியில் மறைத்துக்கொண்டாள். கைகளில்தான் வயது தெரியும் என்று பேருந்தில் யாரோ பேசிக் கேட்டது.

நூற்று நாற்பத்தொன்றிலிருந்து நூற்றைம்பது வரை என்று மின்ஜு ஆங்கிலத்தில் கூப்பிட்டபோது கால்கள் தாமாக எழுந்தன. அறைக்குள் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தொப்பி வைத்த ஆள், ஓரத்தில் மின்ஜு, பக்கத்தில் முக்காலியில் கேமரா. தரையில் ஒட்டியிருந்த நாடாவில் பத்துப் பேரும் வரிசையாக நின்றார்கள். ஒருவர் பெயரும் வயதும் சொல்லி ஆட ஆரம்பிப்பார், தொப்பிக்காரர் கையைத் தூக்குவார், தேங்க்யூ என்பார், பிறகு தன் ஆட்களுக்குத் தன் பாஷையில், அடுத்தது. ஆறு பேர் அப்படிப் போனார்கள். லோகேஸ்வரி, செவன்டீன் என்று சொன்னாள், யாரும் நிமிரவில்லை, பொய் எவ்வளவு சுலபமாக உள்ளே போய்விட்டது என்று ஆச்சரியப்படுவதற்குள் பாட வேண்டியிருந்தது. வாயைத் திறந்தாள். முதல் வரி தாழ்ந்த சுருதியில், மெதுவாக, மொட்டைமாடியில் ஆயிரம் தடவை பாடியது. முழு மூச்சை இழுத்தபோது ஊக்கு குத்தியது, குத்தட்டும். இரண்டாவது வரியில் மேலே ஏற வேண்டும், அங்கே போனால் தன் குரல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும், அங்கேதான் அது அவளுடையதாக இருக்கும், இதோ இன்னும் இரண்டு சொல், ஒரு சொல். கை தூக்கிவிட்டார். தேங்க்யூ. அடுத்தது. வாய் திறந்தபடியே இருந்தது. கேமரா அவள் முகத்துக்கு வந்து, அழவில்லை என்று பார்த்துவிட்டு நகர்ந்தது.

ஜெர்லின் முன்னால் வந்து நின்றாள். போனில் பாட்டைப் போட்டாள், ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள், வரவில்லை. பென்டிரைவ் வெளியே அப்பாவின் பையில் இருந்தது. சுற்றிலும் பார்த்தாள், உதடு நடுங்கியது, கேமரா நெருங்கி வந்தது. தொப்பிக்காரர், “விட்டுடு, நேரமில்ல, அடுத்த ஆளைக் கூப்பிடு. முகம் கிடைச்சிடுச்சில்ல” என்றார். லோகேஸ்வரி யோசிக்கவே இல்லை. “தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள், பாட்டு இணையவில்லை, அது இந்தப் பிள்ளையின் தப்பு இல்லை” என்று சொல்லியிருந்தாள், கொரியனில், பெரியவர்களிடம் பேசும் உச்ச மரியாதையில், கம்பெனிச் சேர்மன் வந்தால் மட்டும் பேசுகிற மாதிரி. மேசையில் மூன்று தலைகளும் நிமிர்ந்தன. பாடியபோது நிமிராத தலைகள். யாரோ கம்பியை மாற்றிச் செருகினார்கள், பாட்டு வந்தது. ஜெர்லின் ஆடினாள், ஒன்றரை நிமிடமும் ஆடினாள், நன்றாகவே ஆடினாள், ஆனால் அந்த மூன்று பேரும் லோகேஸ்வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மின்ஜு அவளை ஓரமாக அழைத்துப்போனாள். வராண்டாவில் பேசியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காது சிவந்திருந்தது. ஆனால் அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. “ஏற்பாடு பண்ணின மொழிபெயர்ப்பாளர் வரல. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நீங்க உதவி செய்ய முடியுமா? அதுக்கு முன்னாடி, உங்க வயசு என்ன? பதினெட்டுக்குக் கீழ இருந்தா எங்களால வேலை கொடுக்க முடியாது.” பதினேழு என்றால் பாட வந்தவள், வெளியே போக வேண்டியதுதான். இருபத்திரண்டு என்றால் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி, ஆனால் நூற்று நாற்பத்தேழு அதோடு செத்தது. உள்ளேயே இருந்தால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், சாப்பாட்டு இடைவேளையில் இன்னொரு தடவை பாடேன் என்று கேட்கலாம், இவ்வளவு பாஷை தெரிந்த பெண் அங்கே விடுதியில் கஷ்டப்படமாட்டாள் என்று யோசிக்கலாம், வயதைக்கூட அவர்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், போடாத கம்பெனியா. “இருபத்திரண்டு” என்றாள். மின்ஜு சிரித்தாள். “நல்லவேளை.”

முதலில் சொல்லச் சொன்னது ஜெர்லினுக்குத்தான். இரண்டு வாரத்தில் மெயில் வரும் என்று சொல் என்றார்கள். அவள் சொன்னாள். ஜெர்லின் முகம் அப்படியே மலர்ந்தது, “அப்போ நல்லா ஆடினேனாக்கா?” என்றாள். அதற்கு யாரும் எதுவும் மொழிபெயர்க்கத் தரவில்லை. “நல்லா ஆடின” என்றாள் லோகேஸ்வரி, அது அவளுடைய சொந்த வாக்கியம், உண்மையும்கூட, இருந்தும் அது வாயில் பொய்யாகத்தான் கரைந்தது. கதவு திறந்த இடைவெளியில் அந்த அப்பா எழுந்து நின்று கும்பிடுவது தெரிந்தது. பிறகு அடுத்த பத்து, அதற்கடுத்த பத்து. பிள்ளைகள் மேசையைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்கள், ஏழுமலை அண்ணன் பார்த்த மாதிரி. போதும்மா, அடுத்தவங்க வாங்க. போதும்ப்பா, மெயில் வரும். சாப்பாட்டு இடைவேளை வந்தது. அவர்கள் டப்பாச் சோறு சாப்பிட்டார்கள், அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள், அவள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தொண்டை கனத்துவிடும் என்று மூடிவைத்தாள், யாரும் பாடச் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் தொப்பிக்காரர், அந்தச் சின்னப் பெண்ணிடம் கேள், கிளம்பும்போது அம்மா என்ன சொன்னாங்க என்று, என்றார். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். கேட்டாள். எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாக, குழந்தையின் தோளைத் தொட்டுக்கூடக் கேட்டாள், அதனாலேயே அந்தக் குழந்தை உடைந்து அழுதது, கேமரா வந்தது, தொப்பிக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இது என் வாய் இல்லை, என் வாய் இல்லை என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியானால் யாருடையது. அழுகிற குழந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தேங்க்ஸ்க்கா” என்றது.

நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது. வராண்டா காலி. அறையில் நாடாவை உரித்தார்கள், முக்காலியை மடக்கினார்கள், கம்பிகளைச் சுருட்டினார்கள். தொப்பிக்காரர் போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். மின்ஜு அவளிடம் வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லன்னா இன்னிக்கு என்ன பண்ணியிருப்போம்னே தெரியல. நம்பர் கொடுங்க. அடுத்த தடவை வந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவோம்.” நல்ல பெண்தான், நிஜமாகவே நன்றி சொல்கிறாள், அதுதான் தாங்கவில்லை. காலையிலிருந்து அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி வெளியே வந்தது. “என் பாட்டு எப்படி இருந்தது? தப்பா நினைக்காதீங்க. உள்ளதைச் சொல்லுங்க.” மின்ஜு புரியாமல் விழித்தாள். “நீங்களும் பாடினீங்களா?”

லோகேஸ்வரி அந்த வாக்கியத்தைத் தமிழில் போட்டுப் பார்த்தாள். நீங்களும் பாடினீங்களா. நீங்களும் பாடுவீங்களா என்று கேட்டிருக்கலாமோ, காலம் மாறிக் காதில் விழுந்ததோ. இல்லை, இறந்த காலம்தான். சூப்பர்வைசரின் வார்த்தைகளை மூன்று வருடமாக வளைத்து நெளித்து நல்லதாக்கியவளுக்கு இந்த ஒன்றை எந்தப் பக்கமும் வளைக்க முடியவில்லை. ஆமாம் என்றாள். பிறகு, அனுமதி கேட்காமல், நாடா உரித்த இடத்தில் போய் நின்று முதல் வரியைத் தொடங்கினாள். மின்ஜு போனை இறக்கி, மரியாதைக்காகக் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கேமராக்காரன் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு லென்ஸைப் பெட்டிக்குள் வைத்தான். இரண்டாவது வரியில் குரல் மேலே ஏறியது, காலையில் நின்ற இடத்தைத் தாண்டியது, உச்சியில் போய் லேசாகப் பிசிறு தட்டி, விழாமல் நின்றது. ஊழியர் ஒருவர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை. அவள் மூன்றாவது வரிக்குப் போனாள், நான்காவதுக்குப் போனாள். பாட்டில் இன்னும் நிறைய மிச்சமிருந்தது.